ஓதம் பூத்த சுவர்

பூலாம்பாளையத்துச் சுவர்களில் வெள்ளிக்கிழமை தோறும் படம் வர ஆரம்பித்தபோது அதை முதலில் கண்டுகொண்டவர்கள் கட்சிக்காரர்கள்தான். அந்த ஊரில் சுவர் என்பது கூரையைத் தாங்குவதற்காக அல்ல, அடுத்த தேர்தலுக்கு யார் முந்தி வெள்ளையடித்துப் பெயரெழுதி இடம் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே எழுப்பப்படுகிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் சுவரோடு சுவராக வாழ்ந்தார்கள். ரேஷன் கடையின் பக்கச்சுவரில், முந்தின நாள்தான் ஒரு கட்சி தன் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிட்டுப் போயிருந்த இடத்தில், விடிந்து பார்த்தால் ஒரு தண்ணீர் பம்ப், வயிற்றைப் பிளந்து காட்டியதுபோல் உள்ளே இருக்கிற குழாயும் வால்வும் தெரிய, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடும் கோட்டின் நுனியில் ஓர் எண்ணுமாகக் கரிய நிறத்தில் நின்றது. எதிர்க்கட்சியின் புதுச் சின்னம் என்று ஒரு தரப்பு சண்டைக்குப் போக, எங்களுக்கு எதுக்குடா பம்ப், தண்ணி விடாம இருக்கறதே உங்க கட்சிதான் என்று மறுதரப்பு கையை மடக்க, மேலே இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் பம்ப் அசையாமல் இருந்ததால் இரு தரப்பும் சேர்ந்தே டீ குடிக்கப் போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து மதில்மேல் ஒரு செயற்கைக் கால் வந்தது, மாரியம்மன் கோயில் பின்சுவரில் தேங்காய் உரிக்கும் இயந்திரம் வந்தது, வங்கிச் சுவரில் அறுகோணங்கள் ஒன்றையொன்று கோர்த்துக்கொண்டு தேன்கூடு போல வந்தன. ஜெராக்ஸ் கடை இருதயராஜ், அந்தத் தெருவில் இங்கிலீஷை எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்த ஒரே ஆள், படத்தின் ஓரத்தில் இருந்த எண்களைக் குறித்துக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னார். நாட்டில் யார் யாரோ புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து இது என்னுடையது என்று காப்புரிமை அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கிறார்கள், கொடுத்ததிலிருந்து பதினெட்டு மாதம் அது பூட்டிக் கிடக்கிறது, அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறக்கப்படுகிறது. அங்கே கம்ப்யூட்டரில் திறக்கிறது இங்கே சுண்ணாம்பில் திறக்கிறது, அவ்வளவுதான் என்றார். ஏன் இந்த ஊரில் என்று யாரும் கேட்கவில்லை. காவிரி ஏன் இந்த ஊர் வழியாகப் போகிறது என்றும் அவர்கள் கேட்டதில்லை.

ஊர் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பெண்கள் வங்கிச் சுவரின் அறுகோணங்களைப் பார்த்துப் பார்த்து வாசலில் கோலமாகப் போட, அது ஒரு தலைவலி மருந்தின் உள்ளமைப்பு என்று இருதயராஜ் சொன்னதும், தலைவலிக்காரர்கள் அந்தக் கோலத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதும் வழக்கமாயிற்று. பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுச் சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்கள், படமே வராத வீடென்றால் தரகர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். கிரில் பட்டறைக்காரர் ஒருவர் சுவரில் பார்த்த மடக்குக் கட்டிலை அப்படியே வெல்டிங் வைத்து நான்கு ஊருக்கு விற்கப் போய், வடக்கேயிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்து, செய்ததையெல்லாம் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகு, எல்லை எது என்பதும் ஊருக்குப் புரிந்தது. பார்க்கலாம், படிக்கலாம், பக்கத்தில் நின்று வாய் பிளக்கலாம், அதைவிட நல்லதாக ஒன்றைச் செய்ய முடியுமா என்று தலையைச் சொறியலாம். ஆனால் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்காக எடுத்துக்கொண்டு போகக்கூடாது. கதவு திறந்திருக்கிற வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, என்ன குழம்பு என்று கேட்கலாம், அண்டாவைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று தறியோட்டும் பாவாயி அதைச் சொன்ன விதம் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

திறக்காதவற்றுக்கும் சுவரில் இடம் இருந்தது. சில சுவர்களில் மழையே இல்லாத வைகாசியில்கூட ஆளுயரத்துக்கு ஓதம் அடித்தது, கட்டம் கட்டியதுபோல் நாலு பக்கமும் நேராக, தொட்டால் மாட்டின் விலாவைத் தொட்டதுபோல் இளஞ்சூடாக. அது பூட்டிக் கிடக்கிற ஒன்று என்று தெரிந்துகொள்ள ஊருக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. ஒருவன் ஆவல் தாங்காமல் கரண்டியால் சுரண்டிப் பார்த்தபோது உள்ளே செங்கல்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஓதம் அடித்த சுவரை யாரும் நோண்டவில்லை, ஆணி அடிக்கவில்லை, அதன்மேல் சாய்ந்துகொண்டு பொல்லாத பேச்சுப் பேசவில்லை. சுவரு முழுகாம இருக்குது என்று சொல்லிக்கொண்டு சுற்றிப் போனார்கள். காலம் முடிந்தால் ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஈரத்திலிருந்து படம் எழும். சிலது எழாமலே, எழுதிக்கொடுத்தவரே வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொண்டதால், ஓரத்திலிருந்து காய்ந்து காய்ந்து ஒரு நாள் வெறும் வெள்ளைச் சுவராகிவிடும். அப்படித் திரும்பப்போனதை அதற்கப்புறம் யாரும், எந்தக் காலத்திலும், எந்த அலுவலகத்திலும் பார்க்க முடியாது. அதற்கு ஊர் சொன்ன சொல் தங்கலை என்பது.

அந்தச் சொல்லை மாதேஸ்வரியின் காதுபட யாரும் சொல்லமாட்டார்கள். அவளுக்கு இரண்டு முறை தங்கவில்லை, பிறகு அவளும் அர்த்தநாரியும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அர்த்தநாரி தறி ஃபிட்டர். எந்தத் தறிக்குடோனில் எந்தத் தறி இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாதேஸ்வரி விசைத்தறி ஓட்டுகிறவள். பெரும்பாலும் வேலையிடத்தில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அங்கே தறிச் சத்தத்தில் பேச முடியாது, கையாலும் உதட்டாலும்தான் சோறு ஆச்சா, தலைவலி போச்சா என்பதெல்லாம். அப்படியே பழகிப் பழகி வீட்டிலும் அவர்களுக்கு அதிகம் வாய் தேவைப்படவில்லை.

அந்த அர்த்தநாரி தன் கடைசிக் காலத்தில் ஏதோ ஒன்றைச் செய்தார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், பலகையும் தோலும் ஸ்பிரிங்குமாக, கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு. ஈரோட்டில் தறி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் குழந்தைவேலு செலவைப் பார்த்துக்கொள்ள, விண்ணப்பம் அவர் பெயரில் போயிற்று, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மட்டும் அர்த்தநாரியின் பெயர் இருந்தது. கோயம்புத்தூரில் எழுதிக்கொடுத்த ஏஜென்ட், இது பதிவாகிறவரைக்கும் வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லியனுப்பியதை அர்த்தநாரி, திறக்கிறவரைக்கும் சொல்லக்கூடாது, யாருக்கும் சொல்லக்கூடாது என்று எடுத்துக்கொண்டு, மாலை போட்டவர் செருப்பைத் தொடாததுபோல் அந்தப் பேச்சையே தொடவில்லை. பதிவான மறுநாளே ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம், தப்பில்லை. அவருக்கு அது தெரியாது. பொண்டாட்டி கேட்டபோதும், சுவத்துல வரும் பாரு என்று உதட்டை மட்டும் அசைத்துச் சிரித்தார். அந்த வாரமே அவர்கள் வீட்டுத் தெருப்பக்கச் சுவரில் ஓதம் அடித்தது. மாதேஸ்வரி கையை வைத்துப் பார்த்தாள், சூடாக இருந்தது. அந்த ஓதத்துக்கு ஒரு வயது நிறைவதற்குள், வேறொரு ஊரில் வேறொருவருடைய தறிக்குக் கீழே நட்டு முடுக்கப் படுத்த அர்த்தநாரி எழுந்து வரவில்லை.

காரியம் முடிந்ததும் குழந்தைவேலுவின் ஆட்கள் வந்து கொட்டகையில் இருந்ததைச் சாக்குப் போட்டு மூடி எடுத்துப்போனார்கள். மாதேஸ்வரிக்கு மிஞ்சியது சுவர். வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். என்ன செய்தார் என்று தெரியவேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இத்தனை காலம் கூட இருந்த மனிதன் கடைசியாக எதை நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அந்தச் சுண்ணாம்புக்குள் இருந்தது, வெளியே நின்று அவள் காத்திருந்தாள்.

அவளுக்கும் பூட்டி வைத்த ஒன்று இருந்தது. காது போய்க்கொண்டிருந்தது. தறியில் இழை அறுந்தால் சத்தத்தில் ஒரு சின்ன இடறல் வரும், நல்ல நெசவுக்காரி முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் அதைக் கேட்டுத் தறியை நிறுத்திவிடுவாள். மாதேஸ்வரிக்கு இடறல் கேட்காமல் போய்ப் பல காலம் ஆயிற்று. கண்ணை எடுக்காமல் பாவு நூலையே பார்த்துப் பார்த்துக் கழுத்து இறுகிப்போயிற்று. அப்படியும் சில நாள் துணியில் கோடு விழுந்துவிடும். தெரிந்தால் தறியிலிருந்து இறக்கிக் குறைந்த கூலிக்கு நூல் தார் சுற்ற உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், யாருக்கும், அர்த்தநாரிக்கும்கூட, அவள் சொல்லவில்லை. எல்லோரும் உதடு பார்த்துப் பேசுகிற ஊரில் அதை மறைப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

பதினெட்டு மாதம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கையில் பக்கத்துத் தறிப் பாவாயிதான் வந்து அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பிச் சுவரைக் காட்டினாள். இடப்பக்க ஓரத்தில் ஒரு கையகலம் வெளுத்திருந்தது. மறுநாள் இரண்டு கையகலம். இருதயராஜ் வந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப வாங்கறாங்க போலிருக்குதுங்கக்கா, முடிவா வாங்கிட்டா அவ்வளவுதான் என்று சொன்னார். மாதேஸ்வரி அவர் உதட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

பாவாயியும் கூடப் போனாள். பட்டணத்துக் காப்புரிமை அலுவலகத்தில் தங்களைத் துரத்துவார்கள் என்று இருவரும் பஸ்ஸிலேயே தயாராகிப் போயிருந்தார்கள், ஆனால் அங்கிருந்த அதிகாரி நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, திறந்ததில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எதை வேண்டுமானாலுமா என்று பாவாயி கேட்டாள். எதை வேண்டுமானாலும், நீங்கள் யார், எந்த ஊர், எதற்கு என்று நான் கேட்கக்கூடாது என்று அவர் சொன்னதை மாதேஸ்வரி இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள், ஒரு சர்க்கார் ஆபீசில் எதற்கு என்று கேட்காத மனிதரை அவள் பார்த்ததில்லை. ஆனால் அர்த்தநாரியின் பெயரைச் சொன்னதும் அவர் கை விசைப்பலகையிலிருந்து இறங்கிவிட்டது. திறக்காததைப் பற்றி அவர் எதுவும் சொல்லமுடியாது, அப்படி ஒன்று இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லமுடியாது, மந்திரி வந்து கேட்டாலும் இதே பதில்தான் என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்திருக்கும், முகத்தில் இருந்தது. எழுதிக்கொடுத்தவர் மனசு வெச்சாத்தான் என்று மட்டும், அதிகாரியாக இல்லாமல், வாசல்வரை வந்து சொன்னார்.

எழுதிக்கொடுத்தவர் ஈரோட்டில் கடையின் உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். வெளியே கடைசல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைவேலு கெட்டவர் இல்லை, அர்த்தநாரியின் காரியத்துக்கு மாலையோடு வந்து கடைசிவரை நின்றவர். ஒரு பெரிய தறி கம்பெனி அவரிடம் வந்திருந்தது. திறந்துவிட்டால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள், திறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டு எங்களோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய தாள் மேசையில் இருந்தது. எழுதிக்கொடுத்ததன் நகல் அதற்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

அவர் அவர்களை உட்காரச் சொல்லி, விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, பிறகு அவராகவே நகலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க பாக்கோணும்னு வந்திருக்கீங்க அம்மிணி. உங்களுக்குக் காட்டாம யாருக்குக் காட்டப்போறேன். இங்கயே உக்காந்து நல்லாப் பாத்துக்குங்க. பாத்துட்டு யாருகிட்டயும் வாயைத் தொறக்காதீங்க, அது போதும்."

பாவாயி அவள் தொடையைக் கிள்ளினாள், பார் என்று. இத்தனை மாதம் கையால் தடவித் தடவிப் பார்த்தது கைக்கெட்டும் தூரத்தில் கவிழ்ந்திருந்தது, திருப்பினால் போதும். மாதேஸ்வரி திருப்பவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வலது காது அவர் பக்கம் வரும்படி உட்கார்ந்துகொண்டு, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்றீங்களாண்ணா என்று கேட்டாள். நிறுத்தினார்கள். அதன் பிறகும் அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வாயைத் தொறக்காம இருந்ததே தொறக்கற நாளுக்காகத்தானுங்ணா," என்றாள். "சுவத்துல வரும் பாருன்னு சொன்னாரு. உனக்குக் காட்டறேன்னு சொல்லலை. நா இப்பப் பாத்துட்டு வாயை மூடிட்டுப் போனா, அவரு மூடினது ஒண்ணு, நா மூடறது ஒண்ணுன்னு ரெண்டாப் போயிரும். எனக்கு மட்டும்னா வேண்டாமுங்க. எல்லாரும் பாக்கறப்ப நானும் கூட்டத்துல நின்னு பாத்துக்கறேன்."

"எல்லாரும் பாத்துட்டா அப்பறம் எங்கைல என்ன இருக்குது அம்மிணி?"

"உங்க பேருதான் இருக்குதே. பாக்கறவன் எல்லாம் எடுத்துட்டுப் போகமுடியாதுன்னு எங்கூருக்கே தெரியுமுங்க. கட்டில் பண்ணுனவனைக் கேளுங்க."

குழந்தைவேலு அவளுடைய முகத்தையும், அவள் திருப்பி வைத்திருந்த காதையும், நிறுத்தச் சொன்ன இயந்திரம் இருந்த பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நகலைத் திருப்பித் தானே முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் படித்தார், ஏற்கெனவே பலமுறை படித்ததைப் புதிதாகப் படிக்கிறவர்போல. அதை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். டீ வரவழைத்தார். திரும்பி வரும்போது வாசலில் அவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, உதடு தெரிய, பாத்துப் போங்க அம்மிணி என்று சொன்னதை அவள் கவனித்தாள், ஆனால் அதில் ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் பாவாயி அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள், கைக்கு வந்ததை விட்டுட்டு வந்த மகராசி என்று. இடப்பக்கம் உட்கார்ந்து திட்டியதால் பாதிக்கு மேல் அவளுக்குக் கேட்கவில்லை.

ஓதம் அதற்குப் பிறகும் காய்ந்தது. ஒரு வாசல் அளவு இருந்தது ஜன்னல் அளவாயிற்று, சோற்றுத்தட்டு அளவாயிற்று. ஊர் அந்தச் சுவரைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திக்கொண்டது. கட்சிக்காரர்கள் இரு தரப்பும், யாரும் சொல்லாமலே, அதற்கு எதிர்ச்சுவரில் இருந்த தங்கள் பெயர்களை அழித்து வெறும் வெள்ளை அடித்தார்கள், துணைக்கு ஒரு சுத்தமான சுவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்பதுபோல. மாதேஸ்வரி உள்ளங்கையை வைத்தாள், விரல் நுனிகள் வைத்தாள், கடைசியில் ஒரு விரல் மட்டும் வைத்தாள். சூடு இருந்தது. பார்த்திருக்கலாமோ என்று ஒரு நாளும் அவள் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். தினமும் நினைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்தபோது சுவர் முழுக்கப் படமாக இருந்தது. ஓதம் இருந்த கட்டத்துக்குள் மட்டுமல்ல, கூரை விளிம்பிலிருந்து சாக்கடைக் கல்வரை, ஊரில் அதுவரை எந்தச் சுவரிலும் வராத அளவில். ஒரு விசைத்தறி, அதன் அடியில் ஒரு மரப்பலகை, பலகைக்கு நடுவே தோலால் ஒரு சின்ன நாக்கு, அதிலிருந்து ஒவ்வொரு பாவு இழைக்கும் போய்ச்சேரும் மெல்லிய கம்பிகள். தறிக்கு முன்னால், காலைப் பலகைமேல் வைத்துக்கொண்டு, ஒரு பெண். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், கால் விரலில் மெட்டி இருந்தது, மாதேஸ்வரிக்கு இருப்பதுபோலவே இரண்டாம் விரல் கட்டை விரலைவிட நீளமாக இருந்தது. பலகைக்கு ஓர் எண், நாக்குக்கு ஓர் எண், கம்பிக்கு ஓர் எண் என்று கோடுகள் போனதுபோல் அவள் தோளிலிருந்தும் ஒரு கோடு போய் ஏழு என்ற எண்ணில் முடிந்தது.

தறிகள் எல்லாம் நின்றிருந்தன. தெரு நிறைய ஆட்கள். இருதயராஜ் முன்னால் போய், ஓரத்தில் இருந்த எழுத்துகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இழை அறுந்தால் கம்பி தளர்ந்து நாக்கை விடுவிக்கும், நாக்கு பலகைக்கு மேல் எழும்பி நெய்பவரின் உள்ளங்காலில் தட்டும், ஆகவே சத்தத்தைக் கேட்டுத் தறியை நிறுத்தவேண்டிய தேவை இல்லை. இந்தக் கண்டுபிடிப்பு, என்று அடுத்த வரிக்குப் போனவர் நின்றார். திரும்பி மாதேஸ்வரியைப் பார்த்தார். படிங்க என்று அவள் கையைக் காட்டினாள்.

"பல வருஷம் தறியோட்டிக் காது கேக்காமப் போன நெசவாளிக்காக," என்று அவர் படித்தார். "தனக்குக் கேக்கலைங்கறதை வெளிய சொல்லமுடியாத நெசவாளிக்காக."

அவள் பூட்டி வைத்திருந்தது கூரை உயரத்துக்கு எழுதப்பட்டிருந்தது, எந்த ஊரிலும் யாரும், எதற்கு என்று காரணம் சொல்லாமல், எடுத்துப் படிக்கலாம். அர்த்தநாரிக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எத்தனை காலமாக என்று தெரியவில்லை. தெரிந்துகொண்டு, அவள் மறைப்பதையும் மறைக்கவிட்டு, ஒருநாள்கூடக் கேட்காமல், கொட்டகையில் தாழ் போட்டுக்கொண்டு அவள் காலுக்குப் பலகை அளந்திருக்கிறார். மாதேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். தறி முதலாளி கூட்டத்தில்தான் இருந்தார், அவள் அவரைப் பார்க்கவில்லை, பார்த்தால் முடிந்தது என்று இருந்தது.

பாவாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். எனக்கு எடதுபக்கம் ஒண்ணுமே கேக்கறதில்ல, நா யாருகிட்டச் சொன்னேன் என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். பின்னாலிருந்து ஒருவர், எனக்கு ரெண்டுமே அரைகுறைதான் என்றார். அவருடைய மனைவி அவரைத் திரும்பிப் பார்த்து, அட நீயுமா, நா சொல்றது பிடிக்காமத்தான் பதில் சொல்லாம இருக்கறன்னு இத்தன நாளாச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தனே என்றாள். பிறகு அது தெருவின் இரு பக்கமும் பரவிற்று, இங்கே ஒரு கை, அங்கே ஒரு கை, காதைத் தொட்டுக் காட்டியபடி. உதடு பார்த்துப் பேசிப் பேசி யாருக்குக் கேட்கிறது யாருக்குக் கேட்கவில்லை என்பதே தெரியாமல் ஓர் ஊர் முழுக்க ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் பக்கத்தில் நின்றவரை முழங்கையால் இடித்து, உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, என்ன படிச்சான் அவன், கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லு என்றார். அப்போது எழுந்த சிரிப்பு காவிரிக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது என்பார்கள், கேட்டவர்கள் யார் என்பது வேறு விஷயம்.

அதற்குள் மாதேஸ்வரி சுவருக்குப் பக்கத்தில் போயிருந்தாள். படத்தில் இருந்த பெண்ணின் பாதத்தின்மேல் கையை வைத்தாள். சூடு போயிருந்தது, மற்றச் சுவரைப்போலக் குளிர்ந்த சாதாரணச் சுண்ணாம்பு. அதில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் அழுததை ஊர் பார்த்தது, தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெண்கள் வந்து அவளைச் சுற்றிச் சுவரில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

குழந்தைவேலு மதியம் வந்தார். கம்பெனியின் தாளில் கையெழுத்துப் போடவில்லை என்றார், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதுபோல. உரிமை இன்னும் அவர் கையில்தான், வெளியே செய்து விற்க யாரையும் விடமாட்டார், ஆனால் இந்த ஊரில் தறியோட்டுகிற ஒவ்வொருவரும் தங்கள் காலுக்கு அளந்து ஒரு பலகை செய்துகொள்ளட்டும், அதற்கு அவர் எழுதியே கொடுத்துவிட்டார். மாதேஸ்வரி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பதறி, நா என்னங்க அம்மிணி பண்ணினேன், தொறக்கறதை மூடாம இருந்தேன் அவ்வளவுதான் என்றார்.

பலகை வந்து, அதில் அவள் காலை வைத்து, முதல் இழை அறுந்து உள்ளங்காலில் டொக்கென்று ஒரு தட்டு விழுந்தபோது அவள் தறியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அறுந்த இழையை முடிய மறந்துவிட்டாள். தோள் தொட்டுக் கூப்பிடுகிற மாதிரி இல்லை, அவசரப்படுத்துகிற மாதிரியும் இல்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவர் காலால் தொட்டு, தூங்கிட்டியா என்று கேட்கிற மாதிரி இருந்தது என்று பாவாயியிடம் மட்டும் பிறகு சொன்னாள். இப்போது அவள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு தறியோட்டுகிறாள், ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள், துணியில் கோடு விழுவதில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் குழந்தைவேலு கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தறிக்குடோனுக்குள்ளேயே வந்துவிட்டார். மகாராஷ்டிரத்தில், இச்சல்கரஞ்சியில், ஒரு தறி ஃபிட்டர், முன்னே ஈரோட்டில் வேலை பார்த்துக் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டு போனவர், அங்கே ஒரு கம்ப்யூட்டரில் அந்தப் பதிவை எடுத்துப் படித்திருக்கிறார், அதில் இருந்த விலாசத்தைப் பிடித்துக் கடைக்குப் பேசியிருக்கிறார், இப்போது மறுபடி லைனில் இருக்கிறார். தறிகளை நிறுத்தினார்கள். செய்வதற்கு அனுமதி கேட்கிறாரா என்று பாவாயி கேட்டாள். அது பிற்பாடு பேசிக்கொள்ளலாம், அங்கேயும் காது கேட்காதவர்கள் நிறைய என்று சொன்னார், ஆனால் அவர் முதலில் கேட்டது அதுவல்ல என்றார் குழந்தைவேலு, சத்தத்தைக் கூட்டிக் கைபேசியைப் பாவாயியின் வலது காதில் வைத்தார்.

பாவாயி கேட்டாள். மாதேஸ்வரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாயி கைபேசியை முன்கையால் மார்பில் அழுத்திக்கொண்டு, தறி ஓடும்போது பேசுவதுபோல, இடது கையில் ஐந்து விரலும் வலது கையில் இரண்டு விரலும் நீட்டி, உதட்டை மெதுவாக அசைத்தாள்.

"ஏழாம் நம்பரு நல்லா இருக்காங்களான்னு கேக்கறாரு."

மாதேஸ்வரி சிரித்தாள்.

"இருக்கேன்னு சொல்லு," என்றாள்.